பிள்ளையின் பிரஷில் எவ்வளவு பேஸ்ட் வைப்பது? ஃபுளோரைடை அளவோடு பயன்படுத்த ஒரு வழிகாட்டி

பிள்ளைகளுக்கான பேஸ்ட் அடுக்கியிருக்கும் இடத்தில் போய் நின்றால் ஒரு டப்பாவில் ‘ஃபுளோரைடு உள்ளது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும், பக்கத்து டப்பாவில் ‘ஃபுளோரைடு அற்றது’ என்று அதைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். எதை எடுப்பது? தெரிந்தவர்களைக் கேட்டால் ஒருவர் ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட் வீண் என்பார், இன்னொருவர் அது விஷம், குழந்தை பக்கமே கொண்டு போகாதே என்பார். இரண்டு பேர் பேச்சிலும் உண்மை இருப்பதால்தான் குழப்பமே. ஃபுளோரைடு சொத்தையைத் தடுக்கிறது என்பது பல பத்தாண்டு ஆய்வுகளில் உறுதியான விஷயம். சின்ன வயதில் அளவுக்கு மீறி உள்ளே போனால் அது பல்லைக் கறையாக்கும், இன்னும் மீறினால் எலும்பையும் கெடுக்கும் என்பதும் அதே அளவுக்கு உறுதியான விஷயம்.

இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரைடு நல்லது செய்வது பல்லின் மேல் படும்போது, கெடுதல் செய்வது வயிற்றுக்குள் அதிகமாகப் போகும்போது. எந்த பேஸ்ட், எவ்வளவு பேஸ்ட், கொப்பளிக்கலாமா, எந்தத் தண்ணீர் என்று கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளம்புபவைதான்.

பல்லில் என்ன நடக்கிறது

பல்லின் மேல்பூச்சான எனாமல் கிட்டத்தட்ட முழுக்கக் கனிமம், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்கள். நாம் சாப்பிடும் சர்க்கரையை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் தின்று அமிலத்தை வெளியே விடுகின்றன. பல்லின் மேல் படிந்திருக்கும் படலத்தில் பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண், இறங்க இறங்க அமிலம் அதிகம்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கியதும் எனாமலிலிருந்து கனிமம் கரைய ஆரம்பிக்கிறது. அப்புறம் எச்சில் அந்த அமிலத்தை மெல்ல மட்டுப்படுத்தி, கரைந்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பல்லிலேயே படிய வைக்கிறது. ஒரே நாளில் இது பல தடவை நடக்கும். கரைவது மிகுந்து படிவது குறைந்துகொண்டே போனால் ஒரு நாள் குழி விழுகிறது, அதைத்தான் சொத்தை என்கிறோம்.

எச்சிலிலும் அந்தப் படலத்திலும் ஃபுளோரைடு துளியளவு இருந்தாலே கரைவது குறைந்து, திரும்பப் படிவது வேகமாகிறது. ஃபுளோரைடைச் சேர்த்துக்கொண்டு படிந்த படிகம் பழையதைவிடக் கெட்டியானது, பிஎச் 4.5 அருகே வரை தாக்குப்பிடிக்கும். பாக்டீரியா அமிலம் தயாரிக்கும் வேலைக்கும் ஃபுளோரைடு ஓரளவு தடை போடுகிறது. கவனியுங்கள், இதில் எதற்குமே விழுங்க வேண்டிய தேவை இல்லை. ஒரு காலத்தில் பல் ஈறுக்குள் உருவாகும்போதே ஃபுளோரைடு உடம்புக்குள் போனால்தான் பல் கெட்டியாக முளைக்கும் என்று டாக்டர்களே நம்பினார்கள், அதனால்தான் பல நாடுகளில் குழந்தைகளுக்கு ஃபுளோரைடு மாத்திரையும் சொட்டு மருந்தும் கொடுத்துவந்தார்கள். பலனில் பெரும்பகுதி பல் முளைத்த பிறகு மேலே படுவதால்தான் வருகிறது என்பது பின்னால்தான் தெளிவானது.

பேஸ்ட் வாங்கும்போது

டப்பாவின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். அங்கே பிபிஎம் என்று ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பதுதான் பிபிஎம். 1000 பிபிஎம் என்றால் ஒரு கிராம் பேஸ்டில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு. இந்தக் கணக்கு கீழே திரும்பவும் வரும்.

சில டப்பாக்களில் பிபிஎம் போடாமல் சேர்மத்தின் பெயரையும் சதவீதத்தையும் மட்டும் போட்டிருப்பார்கள். அங்கேதான் ஏமாறுவோம், ஏனென்றால் சதவீதம் பெரிதாக இருப்பதால் ஃபுளோரைடு அதிகம் என்று ஆகிவிடாது. சோடியம் ஃபுளோரைடு 0.22% இருந்தால் அது சுமார் 1000 பிபிஎம், 0.32% இருந்தால் சுமார் 1450. சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் என்றால் 0.76% இருந்தால்தான் 1000 பிபிஎம் வரும், 1450 வேண்டுமென்றால் 1.1% இருக்க வேண்டும். எந்தச் சேர்மம் என்பது பெரிய விஷயமில்லை, கடைசியில் கிடைக்கும் பிபிஎம்தான் கணக்கு.

என் தீர்ப்பு இதுதான்: முதல் பல் வந்ததிலிருந்தே குறைந்தது 1000 பிபிஎம் உள்ள பேஸ்டை எடுங்கள், ஆனால் மிக மிகக் கொஞ்சமாக வையுங்கள். ‘குழந்தைகளுக்கானது’ என்ற பெயரில் 500 பிபிஎம்மோ அதற்கும் கீழோ இருக்கும் பேஸ்டுகள் வருகின்றன. அவை சொத்தையைத் தடுக்கின்றன என்பதற்கு ஆதாரம் பலவீனமானது. நீர்த்த பேஸ்டை நிறைய வைப்பதைவிடச் சரியான செறிவுள்ள பேஸ்டைத் துளியளவு வைப்பது பல்லுக்கும் நல்லது, வயிற்றுக்குள் போவதும் குறைவு. சொத்தை ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைக்குப் பல் டாக்டர் 1450 வரை சொல்லலாம். பெரியவர்களுக்கு டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுக்கும் 5000 பிபிஎம் பேஸ்ட் வீட்டில் இருந்தால் அது பிள்ளையின் பிரஷ் பக்கமே வரக்கூடாது, வேறு அலமாரியில் வையுங்கள்.

‘இயற்கை’, ‘மூலிகை’, ‘கரி’ என்றெல்லாம் வருபவற்றில் பலவற்றில் ஃபுளோரைடு கிடையாது. அழுக்கை எடுக்கும், வாய் மணக்கும், அவ்வளவுதான். கரி சேர்த்தவை எனாமலைத் தேய்க்கவும் செய்யலாம் என்பதால் பால்பல்லுக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஃபுளோரைடு பேஸ்டை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது, அந்த அளவுக்கு ஆதாரம் உள்ள பொருள் இது. இன்னொன்று, மிட்டாய் மாதிரி இனிக்கும் பேஸ்ட் பிள்ளைக்குப் பிடிக்கும்தான், ஆனால் தின்னத் தோன்றும் பேஸ்டைவிடத் துப்பத் தோன்றும் பேஸ்டே நமக்கு வேண்டியது. மென்மையான சுவை ஒன்றைப் பழக்கினால் போதும்.

எவ்வளவு வைப்பது

3 வயது முடியும் வரை ஓர் அரிசி அளவு. 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு. காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை. இதை அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவக் கழகம் உட்படப் பல மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. விளம்பரங்களில் பிரஷின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அலை அலையாகப் பேஸ்டைப் பிதுக்கிக் காட்டுவார்களே, அது பெரியவர்களுக்கே தேவையில்லாத அளவு.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மனதில் பதியும். அரிசி அளவு பேஸ்ட் ஏறக்குறைய 0.1 கிராம், பட்டாணி அளவு ஏறக்குறைய 0.25 கிராம், பிரஷ் முழுக்கப் பிதுக்கினால் சுமார் 1 கிராம். இரண்டு வயதுப் பிள்ளை, எடை 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 8 வயது வரையான பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு போகக்கூடாது என்று அமெரிக்க மருத்துவ நிறுவனம் 1997-இல் உச்சவரம்பு வகுத்தது. அந்தக் கணக்கில் இந்தப் பிள்ளைக்கு வரம்பு 1.2 மில்லிகிராம். 1000 பிபிஎம் பேஸ்டை அரிசி அளவில் இரண்டு வேளையும் வைத்து, பிள்ளை ஒரு துளி விடாமல் விழுங்கிவிட்டாலும் உள்ளே போவது 0.2 மில்லிகிராம், வரம்பில் ஆறில் ஒரு பங்கு. அதே பேஸ்டைப் பிரஷ் முழுக்கப் பிதுக்கி இரண்டு வேளையும் விழுங்கினால் 2 மில்லிகிராம், வரம்பைத் தாண்டியாகிவிட்டது, இன்னும் தண்ணீரைக் கணக்கில் எடுக்கவே இல்லை. ஒரே டியூப், ஒரே பிள்ளை, விரல் அழுத்தத்தில்தான் இவ்வளவு வித்தியாசமும்.

அதனால் 6 வயது வரை டியூபைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். அப்பாவோ அம்மாவோ பாட்டியோ, யார் பல் தேய்த்துவிட்டாலும் அவர்களுக்கும் அரிசி அளவைக் கண்ணால் காட்டிவிடுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு ‘இத்தனூண்டு வைத்தால் நுரையே வராதே’ என்று தோன்றும். நுரை வராதுதான். நுரைக்கும் ஃபுளோரைடுக்கும் சம்பந்தமில்லை.

தேய்க்கும் விதம்

பேஸ்டைப் பிரஷின் மேல் உருண்டையாக உட்கார வைத்தால் வாய்க்குள் போனதும் அது அப்படியே நாக்கில் விழும், பிள்ளை உடனே முழுங்கிவிடும். அரிசி அளவு பேஸ்டை வைத்துவிட்டு விரல் நுனியால் நார்களுக்குள் அழுத்தி விடுங்கள். அப்போதுதான் அது பல்லில் பரவும். பிரஷை நனைக்க வேண்டுமென்று கட்டாயமில்லை.

சின்னக் குழந்தையை உங்கள் மடியில் தலை வைத்துப் படுக்கவையுங்கள், முகம் உங்களைப் பார்த்து மேலே இருக்கட்டும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் நிற்கவைத்து, நீங்கள் பின்னால் நின்று, அதன் தலையை உங்கள் வயிற்றில் சாய்த்துக்கொள்ளுங்கள். ஒரு கை விரலால் மேலுதட்டைத் தூக்குங்கள். மேல் முன்பற்கள் ஈறைத் தொடும் கோட்டில்தான் சின்னக் குழந்தைகளுக்குச் சொத்தை முதலில் ஆரம்பிக்கும், உதடு அதை மூடிக்கொண்டிருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. பிரஷைச் சாய்வாகப் பிடித்து, நாரில் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி, சின்னச் சின்ன வட்டமாக இரண்டு நிமிடம் தேயுங்கள். பின்பற்களிலிருந்து ஆரம்பிப்பது நல்லது, பிள்ளையின் பொறுமை தீரும்போது முன்பற்கள்தான் மிச்சமிருக்கும், அவை சுலபம். இரண்டு பல் ஒட்டி நெருங்கிவிட்ட இடங்களில் பிரஷ் நுழையாது, அங்கே இரவில் பல் நூல் போட வேண்டும்.

முடிந்ததும் துப்பச் சொல்லுங்கள், கொப்பளிக்கச் சொல்லாதீர்கள். பலருக்கு இது புதிதாக இருக்கும். தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்தால் இவ்வளவு நேரம் பல்லில் பூசிய ஃபுளோரைடும் தண்ணீரோடு போய்விடும். துப்பிவிட்டு, வாயைச் சுற்றித் துடைத்துவிட்டால் போதும். துப்பவே தெரியாத குழந்தைக்கு ஈரத்துணியால் மிச்சத்தை ஒற்றி எடுங்கள். அரிசி அளவுதான் வைத்திருக்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் உள்ளே போனாலும் கவலைப்பட வேண்டியதில்லை. துப்பும் பழக்கம் தானாக வராது, கண்ணாடி முன்னால் நின்று நீங்கள் துப்பிக் காட்டி, பிள்ளையைத் துப்பவைத்து, விளையாட்டாகத்தான் பழக்க வேண்டும்.

இரண்டு வேளையில் ஒன்றைத் தவறவிடக்கூடாது என்றால் அது இரவு வேளை. தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைந்துவிடுவதால் பல்லுக்கு இயல்பான பாதுகாப்பு இருக்காது. இரவு தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். வாயில் பால் புட்டியை வைத்துக்கொண்டே தூங்கும் பழக்கம் இருக்கும்போது எந்த ஃபுளோரைடாலும் அந்த முன்பற்களைக் காப்பாற்றுவது கஷ்டம், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பகலிலும் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லைப் பாதிக்கிறது, ஒவ்வொரு தடவையும் அந்தக் கரைதல் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

ஏழெட்டு வயது வரை பிள்ளைக்குத் தானாகச் சரியாகத் தேய்க்கும் கைப்பக்குவம் வராது. ‘எனக்கே தெரியும்’ என்று பிரஷைப் பிடுங்கினால் முதலில் அது தேய்க்கட்டும், அப்புறம் நீங்கள் ஒரு தடவை தேய்த்துவிடுங்கள். குறிப்பாக 6 வயது வாக்கில், பால்பற்களுக்கெல்லாம் பின்னால், நிரந்தரக் கடைவாய்ப்பல் நான்கு முளைக்கும். எந்தப் பால்பல்லும் விழாமலேயே முளைப்பதால் அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அந்தப் பல் ஆயுளுக்கும் வேண்டிய பல்!

வீட்டுத் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது

பேஸ்டில் நாம் கட்டுப்பாடு வைக்கலாம். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் அந்தக் கட்டுப்பாட்டில் பாதி அர்த்தமில்லை. ஃபுளோரைடு பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வருவது. நிறம் கிடையாது, மணம் கிடையாது, சுவையும் காட்டிக்கொடுக்காது. அடுத்தடுத்த இரண்டு ஆழ்துளைக் கிணறுகளிலேயே அளவு வேறுபடலாம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. வெயில் அதிகமான இடங்களில் பிள்ளைகள் அதிகம் தண்ணீர் குடிப்பார்கள் என்பதால் அங்கே அதைவிடக் குறைவாக இருப்பதே நல்லது. தண்ணீரில் ஃபுளோரைடு சேர்த்து வழங்கும் நாடுகளும் உண்டு, அமெரிக்கா 2015-இல் அதற்கான அளவை லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்று நிர்ணயித்தது.

நிலத்தடி நீர் குடிக்கும் குடும்பம் என்றால் ஒரு தடவையாவது தண்ணீரை ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, ஃபுளோரைடு என்று பெயர் சொல்லிக் கேட்டுச் சோதித்துவிடுங்கள். சிலர் டிடிஎஸ் மீட்டரை முக்கிவிட்டு எண் குறைவாக இருக்கிறது, தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த மீட்டர் கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்பதைத்தான் காட்டும், அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

அளவு அதிகமென்று வந்தால் கொதிக்கவைப்பது உதவாது. நீர் ஆவியாகி ஃபுளோரைடு அப்படியே தங்குவதால் செறிவு கூடத்தான் செய்யும். பீங்கான் கேண்டில் வடிகட்டி, கரி வடிகட்டி, புற ஊதா விளக்கு, இவை எதுவும் ஃபுளோரைடை எடுக்காது. ஆர்.ஓ. எடுக்கும். ஆக்டிவேட்டட் அலுமினா என்ற வடிபொருள் எடுக்கும், ஆனால் அது நிறைந்ததும் புதுப்பிக்காவிட்டால் சும்மாதான் இருக்கும். மழைநீரில் ஃபுளோரைடு கிட்டத்தட்ட இல்லை, சுத்தமாகச் சேமித்தால் அது நல்ல மாற்று. எந்தக் கருவி வைத்தாலும் அதிலிருந்து வரும் தண்ணீரையும் பிறகு ஒரு முறை சோதியுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க மட்டும் வைத்துக்கொள்ளாமல் சமைக்கவும் பால் பவுடர் கலக்கவும் பயன்படுத்துங்கள். புட்டிப்பால் குழந்தைக்கு உணவே அந்தத் தண்ணீர்தான் என்பதால் அதற்குத்தான் அளவு சீக்கிரம் மீறும். தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிக மிகக் குறைவு, தாய் குடிக்கும் தண்ணீரில் அதிகமிருந்தாலும் பாலுக்குள் அது அவ்வளவாக வராது.

தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும், அதனால் சின்னப் பிள்ளைக்குத் தேநீர் பழக்காமலிருக்க இதுவும் ஒரு காரணம்.

பல்லில் வெள்ளைத் திட்டு தெரிந்தால்

வெள்ளைத் திட்டு இரண்டு விதம், இரண்டும் நேர் எதிரானவை. ஒன்று ஃபுளோரைடு அதிகமானதால் வரும் பல் ஃபுளோரோசிஸ், இன்னொன்று சொத்தையின் முதல் படி. வெளிச்சத்தில் நின்று, பல்லைத் துணியால் துடைத்துக் காயவைத்துப் பாருங்கள்.

ஃபுளோரோசிஸ் என்றால் திட்டோ கோடோ பல்லின் குறுக்கே, மேகம் படர்ந்த மாதிரி, விளிம்பு மங்கி இருக்கும். இடதுபுறப் பல்லில் இருப்பது வலதுபுறத்தில் அதன் இணைப்பல்லிலும் இருக்கும். முளைக்கும்போதே அப்படித்தான் முளைத்திருக்கும், பெரும்பாலும் நிரந்தரப் பற்களில். சொத்தையின் ஆரம்பம் என்றால் ஈறை ஒட்டி, சுண்ணாம்புக் கட்டி போலப் பளபளப்பில்லாத வெள்ளைக் கோடு தெரியும், நல்லபடி முளைத்த பல்லில் பிறகு வந்திருக்கும், மேலே அழுக்கும் படிந்திருக்கும். இரண்டாவது வகையைப் பார்த்து ‘ஃபுளோரைடு அதிகமாகிவிட்டது’ என்று பயந்து பேஸ்டை நிறுத்துவது சொத்தைக்கு வழிவிடுவது. அந்தக் கட்டத்தில் குழி இன்னும் விழவில்லை, ஒழுங்காகத் தேய்த்து, இனிப்பைக் குறைத்து, ஃபுளோரைடு கொடுத்தால் பல் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும். டாக்டரிடம் காட்டி எதுவென்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஃபுளோரோசிஸ் வருவது பல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில் மட்டும்தான், ஏறக்குறைய 8 வயதோடு அந்த ஆபத்து முடிந்துவிடும். மேல் முன்பற்களைப் பொறுத்தவரை முதல் மூன்று வருடங்கள்தான் முக்கியம், அதனால்தான் அந்த வயதில் அரிசி அளவு என்று இவ்வளவு கறாராகச் சொல்வது. லேசான ஃபுளோரோசிஸில் பல்லின் வேலைக்கு எந்தக் குறையும் இல்லை. பழுப்புக் கறையும் குழியுமாக வந்தால் அது கடுமையானது, அது பொதுவாகப் பேஸ்டால் வருவதில்லை, தண்ணீரால் வருவது. அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கும் அத்தனை வீட்டுக்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே தண்ணீர் பல ஆண்டுகளில் பெரியவர்களின் மூட்டையும் முதுகையும் விறைக்க வைக்கக்கூடியது.

ஃபுளோரைடு பல்லுக்கு நல்லது என்று கண்டுபிடித்ததே இந்தக் கறையிலிருந்துதான். 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் வேலைக்கு வந்த பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே, அந்த ஊரில் வளர்ந்தவர்களின் பற்கள் பழுப்பாக இருப்பதைப் பார்த்து வருடக்கணக்கில் காரணம் தேடினார். அந்தக் கறைப்பற்களில் சொத்தை குறைவு என்பதும் அவர் கண்ணில் பட்டது. தண்ணீரிலுள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்பது 1931-இல் தெரிந்தது. கறை விழாமல் சொத்தை மட்டும் குறையும் அளவு எது என்று அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர் டிரெண்ட்லி டீன் ஆராய்ந்த பிறகு, 1945-இல் அமெரிக்காவின் கிராண்ட் ரேபிட்ஸ் நகரம் உலகிலேயே முதலாகக் குடிநீரில் ஃபுளோரைடு சேர்த்தது. பேஸ்டில் ஃபுளோரைடு பரவாத காலம் அது, பலன் பெரிதாக இருந்தது. இன்று பேஸ்டிலேயே கிடைப்பதால் தண்ணீரில் சேர்ப்பதன் கூடுதல் பலன் சுருங்கிவிட்டது என்றுதான் 2024-இல் வந்த காக்ரேன் (பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

மூளையைப் பாதிக்குமா என்ற கேள்வி

இதை நேராகப் பார்த்துவிடுவோம். அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கும் இடங்களில் பிள்ளைகளின் ஐக்யூ குறைவாக இருப்பதோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக மிதமான உறுதியோடு சொன்னது. 0.7 மில்லிகிராம் அளவில் அப்படி ஏதும் உண்டா என்று முடிவுகட்டத் தரவு போதாது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இதைப் பகிர்பவர்கள் பெரும்பாலும் முதல் பாதியை மட்டும் பகிர்கிறார்கள். எனக்கு இது தண்ணீரைச் சோதிக்க இன்னொரு வலுவான காரணம். அரிசி அளவு பேஸ்டைத் தூக்கிப்போட இது காரணமே இல்லை, கணக்கை மேலே பார்த்தோம்.

டாக்டரிடம் கிடைப்பவை

ஃபுளோரைடு வார்னிஷ் என்பது பல்லில் பிரஷால் பூசும் ஒட்டும் பசை. செறிவு 22,600 பிபிஎம் என்று கேட்டதும் பயம் வரும், ஆனால் பூசுவது சில துளிகள், அது பல்லிலேயே ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல வெளிவிடும், அதனால் விழுங்குவது குறைவு. பல் முளைத்த குழந்தையிலிருந்தே பூசலாம், வருடத்துக்கு இரண்டு முறை, சொத்தை அபாயம் அதிகமென்றால் இன்னும் அடிக்கடி. 2013-இல் வந்த காக்ரேன் தொகுப்பின்படி இது பால்பற்களில் சொத்தையைச் சுமார் 37% வரையும் நிரந்தரப் பற்களில் சுமார் 43% வரையும் குறைக்கிறது. பூசிய அன்று பல் மஞ்சளாகத் தெரியலாம். அன்று கெட்டியான, சூடான உணவு வேண்டாம், தேய்ப்பதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

ஃபுளோரைடு மவுத்வாஷ் 6 வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம், விழுங்கிவிடுவார்கள். மாத்திரை, சொட்டு மருந்து ஆகியவற்றைத் தண்ணீரில் எவ்வளவு ஃபுளோரைடு இருக்கிறது என்று கேட்காமல் யாராவது எழுதிக் கொடுத்தால் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். குழி விழுந்த பால்பல்லைத் துளைக்க முடியாத அளவுக்குப் பிள்ளை சின்னது என்றால், சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தொட்டு வைத்துச் சொத்தை மேற்கொண்டு பரவாமல் நிறுத்தலாம். சொத்தையான இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும், அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

டியூபைத் தின்றுவிட்டால்

பேஸ்டைக் கொஞ்சம் நக்கியதற்கெல்லாம் ஒன்றும் ஆகாது, வயிறு புரட்டலாம், ஒரு டம்ளர் பால் கொடுத்தால் அதிலுள்ள கால்சியம் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும். ஆபத்துக் கோடு என்று டாக்டர்கள் வைத்திருப்பது உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு அது 50 மில்லிகிராம், அதாவது 1000 பிபிஎம் பேஸ்டில் 50 கிராம், 1450 பிபிஎம் என்றால் சுமார் 35 கிராம். ஒரு நடுத்தர டியூபில் பாதியளவு. அவ்வளவு காணாமல் போயிருக்கிறது என்று சந்தேகம் வந்தாலே பாலைக் கொடுத்துவிட்டு, டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். வாந்தி, வயிற்று வலி, எச்சில் ஒழுகுதல், சோர்வு, கை கால் துடிப்பு இருந்தால் எவ்வளவு தின்றது என்று அளந்துகொண்டிருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள். டியூபும் மவுத்வாஷும் மூடிய அலமாரியில், பிள்ளை நாற்காலி போட்டாலும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.